முந்திக்கொண்ட மெயில்

றுமைஸ் சுட்டுவிரலைத் தூக்கிவிட்டால் கல்முனைப் பக்கத்தில் எப்பேர்ப்பட்ட கொம்பனும் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே நடக்க வேண்டியதுதான். கிழமை நாட்களில் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பார். சனி, ஞாயிறுகளில் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு கிரிக்கெட் நடுவராக நிற்பார். நற்பிட்டிமுனையில் பிறந்து, கல்முனையில் றிஸ்னாவைக் கலியாணம் முடித்து, ஊர் வழக்கப்படி பெண்வீட்டிலேயே குடியிருப்பவர். அந்த வீட்டில் மட்டும் அவர் விரலுக்கு அவ்வளவாக மரியாதை இல்லை. அங்கே தீர்ப்பெல்லாம் றிஸ்னாவுடையது, அதற்கு அப்பீலும் கிடையாது.

மனிதருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான். மாகாண நடுவர் பரீட்சையில் பாஸாகிப் பல வருடமாகியும் அவர் பெயர் மேலதிக நடுவர்களின் வரிசையிலேயே கிடந்தது. மாகாணப் போட்டி ஒன்றில், புல் வெட்டி உருளை உருட்டிய மைதானத்தில், ஒரே ஒரு தடவை நடுவில் நின்றுவிட வேண்டும். இங்கே அவர் நிற்கிற போட்டிகளில் பந்து கடலுக்குள் போனால் நாலா ஆறா என்பதற்கே அடிபிடி நடக்கும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டு நின்றது அந்த ஒரு நாளுக்காகத்தான்.

அந்த நாள் வருவதற்கு வழி ஒன்றுதான் இருந்தது. நியமித்த நடுவர் யாருக்காவது காய்ச்சல், கலியாணம் என்று ஏதும் வந்து விலகிக்கொண்டால், மாகாணக் குழுச் செயலாளர் மேலதிக நடுவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் மின்னஞ்சல் போடுவார். முதலில் பதில் போடுகிறவருக்குப் போட்டி. போன மாதம் அப்படி ஒன்று வந்தது. றுமைஸின் போன் அதைக் காட்டும்போது பின்னேரத்து அஸர் தொழுகையும் முடிந்து, திருகோணமலைக்காரர் ஒருவர் போட்டியையும் தட்டிக்கொண்டு போய்விட்டார். கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. அன்று இரவு அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஒரு மெயிலுக்குப் போய் இப்பிடி இடிஞ்சு போறதா?" என்றாள் றிஸ்னா. "தம்பிக்கிட்டக் காட்டுங்க. அவன் போன் கடையில சும்மாவா நிக்கான்?"

தம்பி றிஸ்மி பஸாரில் போன் கடை வைத்திருப்பவன். மச்சானின் போனை வாங்கி ஒரு புரட்டுப் புரட்டினான், சிரித்தான்.

"மச்சான், இது நெட் கஃபே காலத்து மெயில். ஒங்கட போன் மணித்தியாலத்துக்கு ஒருக்கா அங்க போய், கடிதம் ஏதும் இரிக்கான்னு கேட்டுட்டு வருது. பெட்டரி குறைஞ்சா அதுவும் போகாது, படுத்திரும்."

"அப்ப என்ன செய்ற?"

"மெயில் தானா வாற சேர்விஸுக்கு மாறோணும். பழையது நீங்க பேக்கரிக்குப் போய்ப் பாண் வாங்குற மாதிரி. புதுசு பாட்டுப் போட்டுக்கிட்டு வாற பாண் ஓட்டோ மாதிரி. வாசலுக்கே வந்து கூப்பிடும்."

றுமைஸ் கணித வாத்தியார். ஒருவன் சொன்னான் என்பதற்காக ஒன்றை நம்புகிற ஆள் இல்லை. நிறுவிக் காட்ட வேண்டும். எனவே ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்து, புரியாணியும் உள்ளே போன பிறகு, சாப்பாட்டு மேசையில் மூன்று போன்கள் வரிசையாக வைக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கம்பனியின் மெயில். றிஸ்மி கிணற்றடியில் நின்றுகொண்டு மூன்றுக்கும் ஒரே தடவையில் மெயில் அனுப்புவான். எது முதலில் சத்தம் போடுகிறது என்று பார்ப்பது றிஸ்னாவின் வேலை.

முதல் தடவை நடுப் போன் முந்தியது. இரண்டாம் தடவை இடது பக்கத்துப் போன். "மறுவா அனுப்பு!" என்று றுமைஸ் கத்த, றிஸ்மி அனுப்ப, திரும்பவும் நடுப் போன். வலது பக்கத்தது கடைசிவரை வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளை பார்க்கிற இடத்தில்கூட இவ்வளவு விசாரணை நடந்திருக்காது. றிஸ்னாவுக்கு அலுத்துவிட்டது.

"நடுவுல இரிக்கிறதுதான். ஓவர்!" என்று விரலைத் தூக்கிவிட்டு அவள் பாத்திரம் கழுவப் போனாள். மெயில் முடிவாயிற்று. பெட்டரிச் சிக்கனத்தை நிறுத்தி, அறிவித்தலுக்கு அனுமதி கொடுத்து, செயலாளரின் முகவரிக்குத் தனிச் சத்தமும் வைக்கலாம் என்றான் றிஸ்மி. என்ன சத்தம் வைப்பது?

"இவருக்கு மணியடிச்சாலும் கேக்காது, நான் தொண்டை கிழியக் கத்தினாலும் கேக்காது. பாண் ஓட்டோட பாட்டு மட்டும் ரோட்டு முனையில வரக்குள்ளயே கேக்கும்" என்றாள் றிஸ்னா குசினியிலிருந்து.

றிஸ்மி அந்தப் பாட்டையே வைத்துவிட்டான். பிறகு அந்த வீட்டில் நடந்ததைச் சொல்லி மாளாது. பின்னேரம் உண்மையான ஓட்டோ வரும்; றுமைஸ் பாதி முகச்சவரத்தோடு போனைத் தேடி ஓடுவார். செயலாளர் நோன்புப் பெருநாள் வாழ்த்து அனுப்புவார். பாட்டுக் கேட்டதும் றிஸ்னா சல்லியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி, வெறும் ரோட்டைப் பார்த்துத் திரும்பி வருவாள். பிறகு கணவனை ஒரு பார்வை பார்ப்பாள்.

இதையெல்லாம் றுமைஸ் ஒருவரிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. அவர் புண்ணியமூர்த்தி. பாண்டிருப்புக்காரர், விஞ்ஞான வாத்தியார், சின்ன வயதுச் சிநேகிதர். இரண்டு பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போய் ஒரே போட்டிக்கு நடுவராக நிற்பவர்கள். சிக்கல் என்னவென்றால், புண்ணியமூர்த்தியின் பெயரும் அதே மேலதிக வரிசையில் இருந்தது. அவருக்கும் அதே ஆசை. பசியும் ஒன்று, பந்தியும் ஒன்று. சாப்பாடோ ஒரு ஆளுக்குத்தான். மெயில் மாற்றிய சங்கதியைச் சொன்னால் அவரும் மாற்றிவிடுவார் என்று றுமைஸ் வாயைப் பூட்டிக்கொண்டார். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் நிந்தவூரில் ஒரு போட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிளை ஓட்டியது புண்ணியமூர்த்தி, பின்னால் றுமைஸ். காரைதீவைத் தாண்டி வயல்வெளிக்குள் வந்ததும் றுமைஸின் சட்டைப் பைக்குள் பாட்டுக் கேட்டது.

புண்ணியமூர்த்தி தலைக்கவசத்துக்குள்ளிருந்து கத்தினார். "இந்த வயலுக்க ஆருக்குடா பாண் விக்கிறான்?"

றுமைஸ் போனை எடுத்துப் பார்த்தார். செயலாளர்தான். மட்டக்களப்பில் சனிக்கிழமை மாகாண இறுதிப் போட்டி. பத்தொன்பது வயதுக்குட்பட்டோர். நடுவர் ஒருவருக்குச் சுகமில்லை. முதலில் பதில் தருபவருக்கு இடம்.

இறுதிப் போட்டி! எழுதவேண்டிய பதிலையும் றிஸ்மி முன்கூட்டியே எழுதி வைத்திருந்தான். ஒரே ஒரு தடவை தட்டினால் போதும். பெருவிரல் திரைக்கு மேலே போயிற்று. அப்போதுதான் முன்னால் இருந்த முதுகு கண்ணில் பட்டது. காற்றில் சட்டை உப்பிப்போய், இரண்டு கையாலும் பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் அறியாமல் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்தபடி போய்க்கொண்டிருந்த முதுகு. அதே மெயில் அவர் முகவரிக்கும் வந்திருக்கும். போன் களிசான் பைக்குள் கிடக்கிறது.

தட்டிவிடு, என்றது மனம். போன மாதம் உனக்காக எவன் காத்திருந்தான்? வாஸ்தவம்தான். திருகோணமலைக்காரரை றுமைஸ் இன்றுவரை குறை சொன்னதில்லை. ஆனால் இது அப்படி இல்லையே. என்னைச் சுமந்துகொண்டு போகிறவனின் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டு எப்படித் தட்டுவது?

"மூர்த்தி, நிப்பாட்டு!"

"என்னடா, பாம்பா?"

"நிப்பாட்டு எண்டுறன்!"

புண்ணியமூர்த்தி ஓரமாக நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்றினார். றுமைஸ் போனை நீட்டினார். புண்ணியமூர்த்தி வாசித்தார்.

"ஒனக்கு விசரா? பின்னால சும்மாதானே இருந்தாய். ஒரு தட்டுத் தட்டியிருந்தா முடிஞ்சுது."

"பெட்ஸ்மன் ரெடியில்லாம நிக்கக்குள்ள பந்து போட்டா நாம என்ன சொல்ற?"

"டெட் போல். கணக்கில்ல."

"அதுதான் இதுவும். போனை எடு. வளவளண்டு நிக்காத, மத்தவனுகள் தட்டிருவானுகள்!"

புண்ணியமூர்த்தி தன் போனைப் பிடுங்கி எடுத்தார். அவர் மெயிலைத் திறந்தபோது றுமைஸுக்குச் சுருக்கென்று குத்தியது. அதே பழைய கம்பனி. தான் கழித்துக் கட்டிய அதே நெட் கஃபே காலத்து மெயில். திரையை இழுத்துத்தான் செயலாளரின் கடிதத்தைக் கொண்டுவர வேண்டியிருந்தது. பிறகு புண்ணியமூர்த்தி 'சம்மதம்' என்று மட்டும் அடித்துவிட்டு, "ம்" என்றார்.

ஒண்டு, ரெண்டு, மூண்டு. ரோட்டோரத்தில், வயலைப் பார்த்துக்கொண்டு, நாற்பது கடந்த இரண்டு வாத்தியார்மார் ஒரே நேரத்தில் தட்டினார்கள். வரம்பில் நின்ற கொக்கைத் தவிர அந்தக் கண்கொள்ளாக் காட்சியைப் பார்க்க யாரும் இல்லை.

பிறகு காத்திருப்பு. புண்ணியமூர்த்தி ஒரு பீடா மென்றார். றுமைஸ் ஸலவாத்து ஓதினார். பாட்டுக் கேட்டது றுமைஸின் போனில்தான். "அல்ஹம்து..." என்று தொடங்கியவர் திரையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

செயலாளர் எல்லாருக்கும் அறிவித்திருந்தார். முதலில் கிடைத்த பதிலின்படி, திரு. புண்ணியமூர்த்தி நியமிக்கப்பட்டிருக்கிறார்.

பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த மெயில் அது. அதன் வேகத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சம்பந்தப்பட்ட ஆளின் போனுக்கு வருமுன்னமே செய்தியைக் கொண்டுவந்து றுமைஸின் கையில் கொடுத்துவிட்டது. தன் நாள் போய்விட்டது என்பதைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டிய வேலையும் அவருக்கே வந்து சேர்ந்தது.

"ஒனக்குத்தான் மூர்த்தி" என்றார். "எழுதிவெச்ச நஸீபு. போ, போய் நில்லு."

புண்ணியமூர்த்தியின் முகம் மலர்ந்து, உடனே சுருங்கி, திரும்பவும் மலர்ந்தது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் மோட்டார் சைக்கிளை உதைத்தார். அது மூன்றாம் உதைக்குத்தான் எழும்பியது.

வீட்டில் றிஸ்னா பொரிந்து தள்ளினாள். "டெட் போலும் மண்ணாங்கட்டியும்! மூணு போன வெச்சு நாள் முழுக்கக் கூத்தடிச்சது இதுக்குத்தானா?" ஆனால் இரவில் அவருக்குப் பிடித்த இறால் பொரியலை வைத்து, அருகிலேயே இருந்து சாப்பிடப் பண்ணினாள்.

சனிக்கிழமை, "நீ வராட்டி நானும் போகமாட்டன்" என்று புண்ணியமூர்த்தி வாசலில் வந்து நின்றதால் றுமைஸும் மட்டக்களப்புக்குப் போனார். போனார் என்பதுதான் பேர். முகம் ஒரு முழத்துக்கு நீண்டிருந்தது. மைதானத்தில் வெள்ளைத் திரைக்குப் பக்கமாகத் தேடிப்பிடித்து உட்கார்ந்தார். பந்து விழுகிற கோடு அங்கிருந்துதான் நேராகத் தெரியும். புண்ணியமூர்த்தி எங்கே பிழைவிடுவான் என்று பார்க்க வேண்டும். அப்படி ஒரு எண்ணம் தனக்குள் இருப்பது அவருக்கே தெரிந்தது. தெரிந்தும் அதை விரட்டவில்லை. புல் வெட்டி உருளை உருட்டிய அந்த மைதானத்தின் நடுவே வெள்ளைத் தொப்பியோடு நின்ற மனிதரைப் பார்க்கப் பார்க்க வயிறெரிந்தது.

மத்தியானத்துக்குக் கிட்ட அந்தப் பந்து வந்தது. துடுப்பாட்டக்காரனின் காலில் பட்டதும் பதினொரு பேரும் துள்ளினார்கள். மைதானமே எழுந்து கத்தியது. புண்ணியமூர்த்தி அசையவில்லை. மெதுவாகத் தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினார்.

"டேய் குருட்டு அம்பயர்!" றுமைஸுக்குப் பக்கத்தில் இருந்த தடித்த மனிதர் துள்ளி எழுந்தார். "எவ்வளவு வாங்கினாய்? கண் பொட்டையாடா ஒனக்கு?"

றுமைஸ் எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. "ஆரு பொட்டை? பந்து லெக் ஸ்டம்புக்கு வெளிய குத்தினது! ஒங்களுக்குத்தான் கண் தெரியல்ல! அந்த மனிசன் சரியாத்தான் குடுத்தது!" கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தடித்த மனிதர் ஒரு அடி பின்வாங்கினார். "நீங்க ஆரு? அவர்ர சொந்தமா?"

"நானா?" றுமைஸுக்கு மூச்சு வாங்கியது. கண் ஓரத்தில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் சிரிப்பும் வந்தது. "நான் அந்த எடத்தில நிண்டிருக்க வேண்டிய ஆள். நான் நிண்டிருந்தாலும் அது நொட் அவுட்தான்!"

அந்த மனிதர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, கச்சான் கடலைச் சரையை அவர் பக்கம் நீட்டினார். றுமைஸ் ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டார்.