சாம்பலில் மிதந்த கோயில்

இதில் ஒரு வரி பொய்யென்றாலும் அந்தக் கோயில் மணி சொல்கிறவன் தலையில் விழட்டும்.

அந்த மாதா கோயிலில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை தூங்கி எழுந்து கோபுர ஜன்னலைத் திறந்தபோது, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த மின்கம்பம் கண்ணுக்கெட்டாத தூரத்துக்குப் போயிருந்தது. கம்பம் எங்கே போகும்? கோயில்தான் நகர்ந்திருந்தது. உலகம் எரிந்து முடிந்தபின் மூன்று வருஷமாகச் சாம்பல் விழுந்ததில் ஊர், சாலை, பள்ளிக்கூடம் எல்லாம் அடியில் போய்விட்டன. கோயில் மட்டும் அஸ்திவாரத்தை உதறிவிட்டு மேலே வந்து, காகிதக் கப்பல் போல மிதந்துகொண்டிருந்தது. உள்ளே பெஞ்சுகளில் பதினோரு பேர் குடித்தனம். புனிதர்களின் நீட்டிய கைகளில் ஈரத்துணி காய்ந்தது; அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே போனவர்களுக்குக் கோயில் இன்று எங்கே நிற்கிறது என்று சொல்வது மணிதான். கோயில்பிள்ளையின் மனைவி கோதுமை தேடிப் போயிருந்தாள். பூசைக்கு அப்பம் சுடுவது அவள் வேலை. மாவு டப்பா காலி. எடுத்துப் போனது ஒரு செம்புத் தண்ணீர். காலண்டரைக் குளிருக்கு எரித்தபிறகு, கயிற்றில் முடிச்சுப் போட்டு நாள் கணக்கு வைத்திருந்தவளும் அவள்தான். கயிற்றை மறக்காமல் இடுப்பில் கட்டிக்கொண்டு போய்விட்டாள். பகலும் இரவும் ஒரே சாம்பல் நிறம். அவள் போய் எத்தனை தூக்கம் ஆயிற்று என்பது அவருக்குத் தெரியும். எத்தனை நாள் என்பது தெரியாது.

மணிக்கயிற்றில் கை வைத்ததும் கீழேயிருந்து பங்குச் சாமியார் குரல் கொடுத்தார்.

"கைய எடுப்பா. இன்னிக்குப் பெரிய வெள்ளி. நாளைக்கு ராத்திரிப் பூசை வரைக்கும் மணி வாயத் திறக்கக் கூடாது."

"வெள்ளின்னு யாரு சொன்னாங்க சாமி?"

"என் முழங்கால் சொல்லுது."

"உங்க முழங்கால் போன வாரம் கிறிஸ்துமஸ்னு சொல்லிச்சு."

கோயில்பிள்ளை இறங்கி வந்ததும் சாமியார் மரக்கட்டையை நீட்டினார். "இந்தா, இதத் தட்டு. முறை அதான்."

கோயில்பிள்ளை தட்டினார். சத்தம் வாசற்படி தாண்டுமுன்பே சாம்பலில் படுத்துக்கொண்டது.

"சாமி, அவ வந்து முடிச்ச எண்ணினாத்தான் என்ன நாளுன்னு தெரியும். அவ வரணும்னா மணி அடிக்கணும்."

"அடிக்கணும்னா சனிக்கிழமை முடியணும்."

"முடிஞ்சுதான்னு அவதான சொல்லணும்?"

பீடத்து விளக்கு லேசாக ஆடியது. கோயில் மறுபடி நகரத் தொடங்கியிருந்தது. நகர நகர அவள் தூரம்.

"அடிச்சுட்டு வந்து பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேன் சாமி. இப்பவே மன்னிச்சுடுங்க."

"முன்பணம் வாங்குற வழக்கம் இங்க இல்ல." சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். மெழுகுவர்த்தித் துண்டிலிருந்து இரண்டு உருண்டை கிள்ளிக் காதில் அடைத்தார். "எனக்குத் தூக்கம் வருது. தூங்குறவனுக்கு வெள்ளியாவது சனியாவது." பெஞ்சில் சாய்ந்து, வழக்கத்துக்கு மாறாகச் சத்தமாகக் குறட்டை விட்டார்.

கோயில்பிள்ளை மறுபடி கோபுரம் ஏறி மணிக்கயிற்றை இழுத்தார். முதல் அடியில் கூரைச் சாம்பல் பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டாவதில் கோயில், பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாடு மாதிரி நின்று மெல்லத் திரும்பியது. உள்ளங்கை தோல் உரியும்வரை அடித்தார். கயிற்றில் சாய்ந்தபடியே உறங்கிப்போய், எழுந்து, மறுபடி அடித்தார்.

அப்புறம் வெகு தொலைவில், சாம்பல் வானம் சாம்பல் தரையைத் தொடும் இடத்தில், ஒரு புள்ளி. தலையில் மூட்டை. அது நின்று, இடுப்பிலிருந்து எதையோ உருவி, கோபுரத்தைப் பார்த்துத் தூக்கிக் காட்டியது. கயிறுதான். காற்றில் நெளிந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முடிச்சுகளை எண்ணத் தொடங்கினார்.

தலையில் விழட்டும் என்ற அந்த மணியா? அதை வாங்க வேண்டும் என்று ஊரார் நாற்பது வருஷம் கூட்டம் போட்டுப் பேசினார்கள், கடைசிவரை வாங்கவேயில்லை.