கையகல நூலும் ஏழாம் அத்தியாயமும்

வீட்டில் அவனுக்கு 'அடிக்குறிப்பு' என்று பெயர். குழம்பில் உப்புக் குறைவு என்பதைக்கூட மூன்று மேற்கோள்களோடு நிறுவுகிறவன் என்பதால் அத்தான் சூட்டிய பட்டம் அது. பல்கலைக்கழகம் கொடுத்த முனைவர் பட்டத்தைவிட இதுவே அவன்மேல் இறுக ஒட்டிக்கொண்டது.

கையகலப் பதிப்புகள் கடைகளுக்கு வந்தபோது அவற்றை முதலில் எதிர்த்தவன் அடிக்குறிப்புதான். மெல்லிய தாள், சட்டைப்பைக்குள் அடங்கும் அளவு, நாட்காட்டித் தாளைப்போல் மேல்நோக்கிப் புரளும் பக்கங்கள். ஒரு கையில் பிடித்து, அதே கையின் கட்டைவிரலால் தள்ளிக்கொள்ளலாம். 'நூல் சிறுத்தால் சிந்தனை சிறுக்கும்' என்று ஓர் இதழில் ஒன்பது பக்கத்துக்கு முழங்கினான். ஓரத்தில் குறிப்பெழுத இடமில்லாத நூலில் வாசகன் எங்கே குடியிருப்பான் என்பது அவனுடைய மையக் கேள்வி. வாசகர் ஒருவரையும் அவன் விசாரிக்கவில்லை. விசாரித்தால் கோட்பாடு கலங்கிவிடும்.

இதழ் வெளிவந்த வாரமே பதிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். ஆய்வேட்டிலிருந்து பிறந்த அவனுடைய ஒரே நூல், அறுநூறு பக்கத் தலையணை, அவருடைய கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்தது.

"பழைய பிரதியெல்லாம் காகிதக் கூழாகப் போகுது தம்பி. மறுபடி வரணும்னா கையகலத்துலதான் வரும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள சரின்னு சொல்லுங்க. இல்லாட்டி விட்டுடுவோம்."

"என் கட்டுரையைப் படிச்சீங்களா சார்?"

"பாதி படிச்சேன். கொஞ்சம் நீளம்."

மாதிரிக்கென்று அச்சிட்ட ஒற்றைப் பிரதியை அவர் நீட்டினார். ஆறு வருட உழைப்பு சோப்புக்கட்டி அளவுக்குச் சுருங்கித் தன் உள்ளங்கையில் கிடப்பதை அடிக்குறிப்பு வெகுநேரம் பார்த்தான்.

நூல் சாகக் கூடாது. கட்டுரையும் பொய்க்கக் கூடாது. சான்று காட்டிப் பழைய வடிவத்திலேயே மறுபதிப்புக் கேட்பது என்று முடிவுசெய்தான். பதினான்கு கேள்விகள் கொண்ட படிவத்தையும் பிரதியையும் அக்காவிடம் கொடுத்தான். அக்கா இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க நிற்பவள். போகவரப் பேருந்திலும் நிற்பவள். பத்துப் பக்கம் தாண்டமாட்டாள், பழியை வடிவத்தின்மேல் போடலாம். 'கண் வலித்ததா' முதல் 'நூலின்மேல் மரியாதை குறைந்ததா' வரை எல்லாக் கேள்விகளும் 'ஆம்' என்ற பதிலுக்காக வாயைப் பிளந்து காத்திருந்தன.

வியாழன் மாலை போனபோது அத்தான் கதவைத் திறந்தார்.

"வாடா அடிக்குறிப்பு! ஒரு கையில கம்பி, ஒரு கையில நீ. ஒரு வாரமா பஸ்ஸுல உங்கக்கா அப்படித்தான் தொங்குறா."

படிவம் வெறுமையாக இருந்தது.

"ஏன்க்கா, ஒண்ணுமே எழுதலையே?"

"எழுத நேரம் ஏதுடா? படிச்சு முடிக்கவே இன்னிக்குக் காலையில ஆயிடுச்சு."

"முழுசாவா?" அவன் குரலில் மகிழ்ச்சியைவிடக் கலவரமே அதிகம்.

"முழுசாத்தான். மூணாவது அத்தியாயத்துல வர்ற பன்னெண்டு பக்கம் ஏழாவதுல அப்படியே மறுபடி வருதே, ஏன்? பஸ் குலுக்கின குலுக்கல்ல பக்கம் பின்னால போயிடுச்சோன்னு திருப்பித் திருப்பிப் பார்த்தேன்."

"அது மீள்வலியுறுத்தல்க்கா. ஒரு உத்தி," என்று சொல்லிக்கொண்டே வாங்கிப் பார்த்தான். உத்தியுமில்லை, வலியுறுத்தலுமில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் அவசரத்தில் ஒரே பகுதியை இரண்டு இடங்களில் ஒட்டியிருந்தான். ஒரு காற்புள்ளிகூட இடம் மாறவில்லை. இரண்டு தேர்வாளர்கள், மெய்ப்புத் திருத்தியவர், 'ஒரு சொல்லும் மிகையில்லை' என்று எழுதிய மதிப்புரையாளர், நூலாசிரியர் — ஒருவர் கண்ணிலும் அது பட்டதில்லை.

"பெரிய புத்தகத்தைக் கொடுத்தப்ப 'அருமை'ன்னியே?"

அக்கா அலமாரியைப் பார்த்தாள். அங்கிருந்த பெரிய புத்தகத்தை அவனே எடுத்துப் பிரித்தான். பதினேழாம் பக்கத்துக்குப் பிறகு, அச்சகத்தில் வெட்ட மறந்த இரண்டு தாள்கள் ஓரத்தில் இன்னும் பிரிபடாமல் ஒட்டிக்கொண்டிருந்தன.

"மடியில வச்சா கால் மரத்துப் போகுதுடா. அருமைன்னு சொன்னது அட்டையை."

அத்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிப் பக்கம் நழுவினார்.

வெள்ளிக்கிழமை அடிக்குறிப்பு பதிப்பாளர்முன் தலைகுனிந்து உட்கார்ந்தான்.

"கையகலத்துலயே போடுங்க சார். ஏழாவதுல பன்னெண்டு பக்கத்தை எடுத்துடணும்."

"இன்னும் சின்னதாயிடுமே? நீங்கதானே அதுக்கு எதிரா எழுதினீங்க?"

"பாதிதானே படிச்சீங்க, விடுங்க. இன்னொண்ணு, மெய்ப்பை எங்கக்கா பார்க்கணும்."

"அவங்க பேராசிரியரா?"

"இல்ல சார். வாசகர்."

பதிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம புத்தகத்துக்கு வாசகரா? ஒருநாள் கூட்டிட்டு வாங்க தம்பி, நானும் பார்க்கிறேன்."