பட்டி வைத்த நான்கு ஓட்டைகள்

அப்பா டீயை எப்போதும் அரை டம்ளர்தான் வாங்குவார். நிறைய ஊற்றினால் சிந்திவிடுவாராம். அவர் சிந்தி அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பட்டறையில் "உனக்குக் கை நடுக்கம்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள், அன்றிலிருந்து அரை டம்ளர். சொன்னவர்கள் மறுநாளே மறந்திருப்பார்கள். கேட்டவர்தான் பிடித்துக்கொண்டார்.

மோதிரக் கல்லுக்கு மெருகு போடுவது அவர் வேலை. கடைசி ஒரு மாதம் அவர் போட்ட கல் ஒன்றுவிடாமல் முடி போலக் கீறல் விழுந்து வந்தது. கையைத் தவிர வேறெதையும் யாரும் சந்தேகப்படவில்லை. கை என்ன, எழுந்து நின்று பதில் சொல்லவா போகிறது?

பட்டறையை மூடிச் சாமான்களைக் கழித்துக்கட்டியபோது, அவர் கடைசியாக உட்கார்ந்திருந்த அந்தப் பழைய இயந்திரத்தை மகள் வாங்கி வந்து முன்னறையில் இறக்கினாள். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவள் அவள். தெருவுக்கு அவள் வைண்டிங்கம்மா. கோபம் அவளுக்கு மூக்குக்கு மேல் இருக்கும் என்பதும் தெருவுக்குத் தெரியும்.

"இத எதுக்கும்மா தூக்கிட்டு வந்த?" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஓட வைக்கப் போறேன்."

"ஓடி?"

"நீங்க ஒரு கல்லு போடணும். கீறல் இல்லாம."

அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார்.

எட்டு வாரம் அவள் அதனோடு மல்லுக்கட்டினாள். மோட்டாரைப் பிரித்து, கருகிய காயிலை அறுத்தெடுத்து, புதிதாகக் கட்டினாள். துருவில் இறுகிப்போன பேரிங்குகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தட்டித் தட்டிக் கழற்றிப் புதிது போட்டாள். ஒரே நீளத் தண்டுதான். இடது முனையில் கல்லைத் தேய்க்கும் சொரசொரப்பான சாணைச் சக்கரம். வலது முனையில் பளபளப்பு ஏற்றும் கம்பளிச் சக்கரம். சாணையின் மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.

முதல் கல்லை அவளே போட்டுப் பார்த்தாள். கீறல். கம்பளியை மாற்றினாள். மறுபடியும் கீறல். தலைமுடியைவிட மெல்லிய கம்பியை நாள் முழுக்கச் சுற்றுகிற கை அவளுடையது. அதுவும் நடுங்குகிறதா என்ன? அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. மோட்டார் புதுசு, பேரிங் புதுசு, கை வேறு கை. கீறல் மட்டும் அதே கீறல்.

இயந்திரத்தின் உடம்பில் தடிமனாக அப்பியிருந்த பச்சைப் பெயின்டைச் சுரண்டத் தொடங்கினாள். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், பெயின்டுக்கு அடியில், பட்டி மாவு வைத்து அடைத்த நான்கு ஓட்டைகள் தெரிந்தன. அங்கே ஒரு தடுப்புத் தகடு இருந்திருக்கிறது. அது இல்லாவிட்டால் சாணை மண் தண்ணீரோடு பறந்து கம்பளியில் போய் ஒட்டும். ஒரு துகள் போதும், கல்லின் முகத்தைக் கெடுக்க.

"அப்பா, இந்த இடத்துல தகடு இருந்துச்சா?"

அப்பா வந்து குனிந்து பார்த்தார். "என்னை இதுல உக்கார வெச்சதே அந்தக் கடைசி மாசம்தான். அதுக்கு முன்னாடி எனக்குத் தனி ரூம், தனி மெஷின். மண்ணு பறக்குதேன்னு மேஸ்திரிகிட்ட சொன்னேன். மெஷினே இப்படித்தான் வந்துச்சு, முன்னாடி இருந்தவன் ஒழுங்காத்தானே போட்டான்னான்."

"பெயின்ட் அடிச்சது யாரு?"

"அவன்தான். உன்னை உக்கார வைக்கப் புதுசாக்கி வெச்சிருக்கேன் அண்ணேன்னான்."

அந்த மேஸ்திரி வேறு யாருமில்லை, சித்தப்பா. அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. ஞாயிறு தவறாமல் வந்து, வயிறாரச் சாப்பிட்டு, "அண்ணே, அரை டம்ளர் போதும்ல?" என்று சிரித்துவிட்டுப் போகிறவர். பதினோரு வருஷம் அந்தச் சிரிப்புக்கு இவள் கையால் சோறு போட்டிருக்கிறாள்.

அகலமான சாணைச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் குறுகலான ஒன்றை மாட்டினாள். ஓட்டைகளைத் துளைத்துத் திறந்து, தகடு வெட்டி நான்கு போல்ட்டில் முறுக்கினாள். ஞாயிறு காலையில் புதுக் கம்பளி சுற்றி அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அவர் மாட்டேன் மாட்டேன் என்றார். கல்லைக் கையில் வாங்கியபிறகு சக்கரத்தின் மேல் குனிந்துவிட்டார்.

கல் பாதி மெருகில் இருக்கும்போது சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தகட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"உக்காருங்க சித்தப்பா. இந்தத் தகட்டை யாரு கழட்டினது?"

"அகலமான சக்கரம் போடச் சொன்னாங்க. தகடு இடிச்சுது. கழட்டினேன். அது ஒரு குத்தமா?"

"கழட்டினது குத்தமில்ல. ஓட்டைல ஏன் பட்டி வெச்சீங்க?"

"பாக்க அசிங்கமா இருந்துச்சும்மா."

"சரி, அசிங்கம். மண்ணு பறக்குதுன்னு அப்பா வந்து சொன்னப்ப, மெஷினே இப்படித்தான் வந்துச்சுன்னு சொன்னீங்களே, அது?"

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "என் வேலை போயிருக்கும். பழசெல்லாம் இப்ப எதுக்கு? நாம என்ன அந்நியமா?"

"அந்நியனா இருந்தா வாரா வாரம் வந்து கேலி பண்ணியிருக்க மாட்டான்."

மோட்டார் நின்றது. அப்பா கல்லைத் துணியில் துடைத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகளிடம் நீட்டினார். அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். கீறல் இல்லை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு டீ போட உள்ளே போனாள்.

பழக்கத்தில் அப்பாவுக்கு அரை டம்ளர்தான் ஊற்றினாள். அவர் வாங்கவில்லை.

"ரொப்பும்மா."

விளிம்பு வரைக்கும் ஊற்றினாள். அப்பா எழுந்து, டம்ளரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அறையின் அந்தக் கோடி வரை நடந்து போய்த் தம்பிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. நிதானமாக முழுவதையும் குடித்தார்.

சித்தப்பா தன் டம்ளருக்குக் கை நீட்டினார்.

"அவனுக்கு அரை போதும்," என்றார் அப்பா. "கை நடுங்குது பாரு."