தொள்ளாயிரத்துப் பத்தொன்பது பேர்

1

இந்தக் கதை ஒரு முன்னுரையிலிருந்து பிறந்தது. முன்னுரை என்னுடையது அல்ல, ஜுமானா எழுதியது. சென்ற செவ்வாய்க்கிழமை என் கடையில் உட்கார்ந்து அவரே அதை எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்ததும் இருபது ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "டீ சொல்லவா?" என்று கேட்டேன். சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

என் பெயர் வீரமணி. இராமநாதபுரம் கேணிக்கரையில் ஜெராக்ஸ் எடுப்பதும் ஆன்லைனில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும் என் தொழில். நான் எழுதுகிறவன் அல்ல, படிக்கிறவன். ஆகவே முதல் வரியே எட்டு முறை தவறியது. அவற்றில் மூன்றை அப்படியே விட்டுவைக்கிறேன்:

"2006ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு பெண்ணைத் தொள்ளாயிரம் பேர் சேர்ந்து காப்பாற்றினார்கள்." (அழகான பொய்.)

"பெரியபட்டினத்துக் கடல் அன்று" (கடல் இந்தக் கதையில் எங்கும் வராது.)

"அந்த ஆண்டு முழுவதும் நான் அவரிடம் பேசிய சொற்கள் மொத்தம்" (எண்ணிப் பார்த்தேன். எழுத வெட்கமாக இருந்தது.)

2

அந்தக் காலத்தைத் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். தெரிந்தவர்கள் மூன்றாம் பகுதிக்குப் போய்விடலாம்.

2005 வாக்கில் தமிழில் வலைப்பூக்கள் வரத் தொடங்கின. யாரும் எழுதலாம். பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். 'பிரசுரத்துக்கு ஏற்றதாக இல்லை' என்ற அச்சடித்த சீட்டு வீடு தேடி வராது. பொத்தானை அழுத்தினால் எழுத்து உலகத்துக்குப் போய்விடும். பாதி நாள் எழுத்துரு சிதைந்து வெறும் கட்டங்களாகத்தான் தெரியும். அந்தக் கட்டங்களைப் பார்த்தே பரவசப்பட்டவர்கள் உண்டு. இன்னும் பத்தே ஆண்டுகளில் எல்லோரும் எழுதுவார்கள் என்று பதிவுக்குப் பதிவு எழுதினார்கள். படித்துப் படித்து நானும் நம்பினேன்.

அது நடந்தேவிட்டது. இன்று எல்லோரும் எழுதுகிறார்கள். படிக்கப்போவது யார் என்பதை மட்டும் அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

ஒவ்வொரு வலைப்பூவின் அடியிலும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். எத்தனை பேர் வந்தார்கள் என்று அதில் எண் ஓடும்.* எழுதுகிறவர்கள் தம் பதிவைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த எண்ணைத்தான் பார்ப்பார்கள்.

(* பெட்டிக்கு ஆட்களைத் தெரியாது. பக்கம் எத்தனை முறை திறக்கிறதோ அத்தனை பேர் என்று காட்டும். ஒரே ஆள் பத்து முறை திறந்தால் பத்துப் பேர். இது எழுதியவர்களில் பலருக்குத் தெரியாது. பிரவுசிங் சென்டர் வைத்திருந்த எனக்குத் தெரியும்.)

3

அப்போது என் கடையில் எட்டுக் கணினிகள் இருந்தன. வியாழக்கிழமை மதியம் பெரியபட்டினத்திலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் பெண்கள் வருவார்கள். சவூதியில் வார விடுமுறை தொடங்கும் நேரம் அது. தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கேமராவில் கணவர்களின் முகம் பார்த்துப் பேசுவார்கள்.

ஜுமானா மாமியார் ஹமீதா பானுவோடு வருவார். கல்யாணமாகி ஒன்றரை ஆண்டு. கணவர் காஜா நவாஸ் தமாமில் ஒரு டயர் கடையில் வேலை. முதலில் மாமியார்தான் பேசுவார்.

"ஏந் தம்பி, எம் மவன் மூஞ்சியில பாதிதான் தெரியிது. மிச்சப் பாதிய எந்த மிஷின்ல காட்டுவ?"

"கேமராவ அங்கிட்டு சரியா வைக்கலம்மா. கொஞ்சம் நிமிந்து உக்காரச் சொல்லுங்க."

"ஆமா, அவன் நிமிந்து உக்காந்துட்டாலும்!"

பேசி முடித்ததும் மாமியார், "ஒம் புருஷன்ட்ட பேசிட்டிரு, கடைக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிடுவார். ஜுமானா காஜா நவாஸோடு இருபது நிமிடம் பேசுவார். பெரும்பாலும் "ம்", "சரி", "சாப்பிட்டீகளா". பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு மாமியார் வரும்வரை வேகமாகத் தட்டச்சு செய்வார். மனுவோ கடிதமோ என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் அவர் போன பிறகு நாலாம் எண் கணினியில் அந்தப் பக்கம் மூடப்படாமல் இருந்தது. வலைப்பூவின் பெயர் 'வியாழன் மதியம்'. முதல் வரி இது: "தமாமில் மழை பெய்தால் அவர்கள் படம் எடுத்து அனுப்புகிறார்கள். எங்கள் ஊரில் மழை பெய்தால் கரண்ட் போய்விடுகிறது. ஆகவே அவர்களுடைய மழையை நாங்கள் பார்ப்பதில்லை."

நான் கல்லாவைப் பூட்டிவிட்டு நின்றபடியே இருபத்தேழு பதிவுகளையும் படித்தேன்.

அடியில் இருந்த எண் 31. அதில் முப்பது அவராகவே இருக்கும். யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்று, வலைப்பூக்களைப் பட்டியலிட்டுக் காட்டும் எந்தத் திரட்டியிலும் அவர் சேரவில்லை. யாருக்கும் தெரியவும் இல்லை.

4

ஒரு பின்னூட்டம் போட்டிருக்கலாம். ஆறு முறை தொடங்கினேன். 'அருமை' என்று எழுத மனம் வரவில்லை. அதைவிட நீளமாக எழுதினால் யாரென்று தெரிந்துவிடும் என்று பயந்தேன். கடைக்கு மேலே ஓர் அறையில் தனியாக இருந்தேன். ஒரு நாளில் வாடிக்கையாளர்களிடம் சொல்லும் 'ரெண்டாம் நம்பர் காலியா இருக்கு' தவிர வேறு பேச்சு கிடையாது. அப்படியிருந்த எனக்கு, இப்படித்தான் தோன்றியது: ஏழு கணினிகளிலும் உலாவியைத் திறந்தவுடன் 'வியாழன் மதியம்' வரும்படி அமைத்துவிட்டேன். நாலாம் எண்ணை மட்டும் விட்டுவைத்தேன். வியாழக்கிழமைகளில் அதை அவருக்கென்று காலியாக வைத்திருப்பேன்.

ரயில் டிக்கெட் பார்க்க வந்தவர், ஜாதகம் பார்க்க வந்தவர், யார் திறந்தாலும் அவர் பக்கம் ஒரு நொடி வந்து போகும். எண் கூடும்.

"அண்ணே, இது என்ன பேஜு? கவர்மென்ட்டா?"

"இல்லப்பா, அது ஒண்ணுமில்ல. மேல அட்ரஸ் அடி."

(அது ஒன்றுமில்லை. அப்படித்தான் சொன்னேன்.)

இரண்டு வாரம் கழித்து ஜுமானா எழுதினார்: "ஒரு வாரத்தில் நானூறு பேர் வந்திருக்கிறீர்கள். ஒருவரும் பேசவில்லை. எங்கள் ஊர் விருந்திலும் சாப்பாடு ருசியாக இருந்தால் இப்படித்தான் யாரும் பேசமாட்டார்கள்."

ஒரு சொல் எழுதுவதைவிட நானூறு பேராக மாறுவது எனக்குச் சுலபமாக இருந்தது. இந்த வாக்கியத்தை நியாயப்படுத்தி இன்னொரு பத்தி எழுதினேன். எடுத்துவிட்டேன்.

5

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அவர் எழுதிய பதிவு இது. சுருக்காமல் தருகிறேன்.

"குடும்ப விசா கிடைத்துவிட்டது, வா என்கிறார். போகப்போகும் வீட்டில் இரண்டு குடும்பங்கள், நடுவில் திரைச்சீலை. கணினி கிடையாது. எழுதி என்ன ஆகப்போகிறது என்று கேட்கிறார். இந்தப் பக்கத்தின் அடியில் உள்ள எண் இப்போது 3,100. அடுத்த வியாழன் நான் வரும்போது அது நாலாயிரத்தைத் தாண்டியிருந்தால் போகமாட்டேன். தாண்டாவிட்டால் பெட்டி கட்டிவிடுவேன். வீட்டில் யாரிடமும் கேட்க முடியாததை உங்களிடம் கேட்கிறேன்."

அடுத்து நடந்ததை முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்:

"அந்த வாரத் திங்கட்கிழமை பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்தன. கடை கொள்ளவில்லை. பிள்ளைகள் மாற்றி மாற்றி உலாவியைத் திறந்தார்கள், மூடினார்கள். அன்று மட்டும் நானூறுக்கு மேல். கூட்டத்தில் எனக்கு எதுவும் நினைவில்லை. வியாழக்கிழமை அவர் வந்து பார்த்தபோது எண் 4,019."

படிக்க நன்றாக இருக்கிறது. பழி மாணவர்கள் மேல் விழுகிறது. நான் கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் மட்டுமே. இந்தப் பிரதி மூன்று நாள் என் மேசையில் இருந்தது.

6

சென்ற செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

ஜுமானா போகவில்லை. பதினாறு ஆண்டுகள் காஜா நவாஸ் தமாமிலும் இவர் இங்கேயும் இருந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பு. மகள் சுஹா பிறந்தாள். மதுரையில் கல்லூரியில் படிக்கும்போது அம்மாவின் பழைய வலைப்பூவைத் தற்செயலாகக் கண்டுபிடித்து, நண்பர்களுக்குக் காட்டியிருக்கிறாள். அங்கிருந்து ஒரு சிறு பதிப்பகம் வரை செய்தி போயிருக்கிறது. புத்தகமாகப் போடுகிறார்கள். பழைய எழுத்துருவையெல்லாம் சரிசெய்து அச்சிட்டுத் தரும் வேலையை ஜுமானா என்னிடம் கொடுத்தார். அவருக்கு என்னை அவ்வளவுதான் தெரியும்: கம்ப்யூட்டர் கடை அண்ணன்.

"முன்னுரை எழுதிட்டேண்ணே. சுஹாட்டகூடக் காட்டல. படிக்கவா?"

"படிங்கம்மா."

"'2006 மே மாதத்தில் ஒரே வாரத்தில் தொள்ளாயிரத்துப் பத்தொன்பது பேர் என்னைத் தேடி வந்தார்கள். ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் வந்தார்கள். அவர்கள் வந்ததால் நான் போகவில்லை. இந்தப் புத்தகம் அவர்களுக்கு.' எப்படிண்ணே இருக்கு?"

நான் பேச்சை வேறெங்கோ திருப்பினேன். "சார் ஊர்லதான இருக்காரு இப்ப?"

"அவுக வந்து நாலு வருஷமாச்சே. மாடியில இருக்காக. டீ வேணும்னா கீழ எறங்க மாட்டாக, எனக்கு போன் போடுவாக." சிரித்தார். "மொதல்ல எனக்குக் கோவமா வந்துச்சு. அப்புறந்தான் வெளங்குச்சு. எங்க ரெண்டு பேருக்கும் நேர்ல பேசிப் பழக்கமே இல்லண்ணே. எதிர்க்க உக்காந்தா பேச்சு வராது. போன்னா நல்லாப் பேசுறாக, சிரிக்கிறாக. நானும் அடுப்படியில நின்னுக்கிட்டு போன்லயே பேசிருவேன்."

"அன்னைக்குப் போயிருந்தா..."

"போயிருந்தா எதுக்கால உக்காந்து பேசப் பழகியிருப்போம். எழுதிருக்க மாட்டேன்." கொஞ்ச நேரம் தாள்களைப் புரட்டினார். "தனியா முடிவெடுத்திருந்தா இன்னைக்கு ஒக்காந்து அழுதிருப்பேண்ணே. தொள்ளாயிரம் பேரு சேந்து சொன்னாகள்ல? அந்தத் தெம்புதான். சில நாள் தோணும், அத்தன பேரையும் கூப்பிட்டு வச்சு ஒருநா பிரியாணி ஆக்கிப் போடணும்னு. எத்தன தேக்சா வேணும், சொல்லுங்க?"

ஒரு தட்டு போதும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"டீ சொல்லவா?" என்றேன்.

7

இனி பிரதி மாற்றம் கிடையாது.

அந்தப் பதிவை எழுதிய வியாழக்கிழமையே, அவர் படியிறங்கிய ஐந்தாவது நிமிடத்தில் படித்துவிட்டேன். திங்கட்கிழமை தேர்வு முடிவு என்பதும் தெரியும். ஏழு கணினிகளிலும் உலாவி திறக்கும் முகப்புப் பக்கத்தை வேறொன்றாக மாற்றக் கால் மணி நேரம் போதும். மாற்றவில்லை. அதையும்கூடச் சோம்பல் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம்.

ஆனால் தேர்வு முடிவுக் கூட்டம் போதவில்லை. புதன்கிழமை பிற்பகல் எண் 3,887. கடையில் யாரும் இல்லை. வெயிலுக்குப் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு இரண்டாம் எண் கணினியில் உட்கார்ந்தேன். பக்கத்தைப் புதுப்பிக்கும் பொத்தானை அழுத்தினேன். ஒவ்வொரு முறையும் பக்கம் வந்து சேர பத்து நொடி ஆகும். அழுத்திக் காத்திருந்து, மறுபடி அழுத்தினேன். நூற்று முப்பத்திரண்டு முறை. நாலாயிரத்திலேயே நிறுத்தினால் சந்தேகம் வரும் என்று பத்தொன்பது தாண்டி நிறுத்தினேன். மறுநாள் அவர் வரும்வரை அந்த ஏழு கணினிகளையும் யாருக்கும் திறக்கவில்லை.

அவர் எழுத்து நின்றுவிடக் கூடாது என்பதற்காக என்று எழுத ஆசைதான். அவர் நன்றாக எழுதினார், அது உண்மை. ஆனால் அன்று பிற்பகல் நான் எழுத்தைப் பற்றி நினைக்கவில்லை. வியாழக்கிழமைகளைப் பற்றி நினைத்தேன். வாரத்தில் ஒருநாள் எனக்காக எழுதப்படாத ஒன்றைப் படிக்கக் காத்திருக்கும் அந்தக் காத்திருப்பு போய்விடும். மற்ற ஆறு நாட்களை அதற்கப்புறம் எதை வைத்துத் தள்ளுவது?

அடுத்த நாள் அவர் நாலாம் எண்ணில் உட்கார்ந்து பக்கத்தின் அடிவரை நகர்த்தினார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஹெட்போனை மாட்டி, கணவரிடம் என்றுமில்லாத உரத்த குரலில், "நான் வரல மச்சான்" என்றார். அந்தப் பக்கம் என்ன சொன்னாரென்று எனக்குக் கேட்கவில்லை. திரையில் பாதி முகம் தெரிந்தது. அது நெடுநேரம் அசையவில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று எழுந்து பார்த்தேன். அறுந்திருக்கவில்லை.

8

முடிவுகள்.

அ. சொல்கிறேன். ஜுமானா சிரித்து, "எனக்கு அப்பவே தெரியும்ணே" என்கிறார். எனக்கு இதைவிட வசதியான முடிவு இல்லை. ஆகவே அடித்துவிட்டேன்.

ஆ. சொல்லவில்லை. புத்தகம் வருகிறது. ஒரு பிரதி வாங்குகிறேன். அவருடைய தெம்பு அவரிடம், என்னுடைய பொய் என்னிடம். இருபது ஆண்டாக நடப்பது இதுதான். இதை முடிவு என்று சொல்ல முடியாது.

இ. சொல்கிறேன். அவர் தாள்களை மேசையிலேயே வைத்துவிட்டு பஸ் ஏறிப் போகிறார். மாடியில் இருக்கிறவரிடம் நேரில் போய் (இதற்கு மேல் எழுத எனக்கு உரிமை இல்லை. அவருக்காக ஒருமுறை முடிவெடுத்தது போதும்.)

சொல்லிவிட்டால் நான் அவரிடமிருந்து எடுத்துவிடுவது தொள்ளாயிரத்துப் பத்தொன்பது பேரை. பதிலுக்குக் கொடுப்பது ஒரே ஓர் ஆளை. அதுவும் நம்பத் தகாத ஓர் ஆள். ஆனால் அச்சில் ஏறப்போவது அவருடைய பெயர். இல்லாதவர்களுக்கு அவர் நன்றி சொல்வதைத் தெரிந்தே நானே அச்சிட்டுக் கொடுத்தால், அது நூற்று முப்பத்து மூன்றாவது முறை.

நாளை பதினொரு மணிக்கு அச்சிட்ட தாள்கட்டை வாங்கிப்போக ஜுமானா வருகிறார். அதே எழுத்துரு, அதே அளவில் இந்தப் பக்கங்களையும் அச்சிட்டு முன்னுரைக்கும் முதல் பதிவுக்கும் நடுவில் வைத்துக் கட்டிவிட்டேன். முன்னுரையை மாற்றலாம். இந்தப் பக்கங்களைக் கிழித்து எறியலாம். இரண்டையும் அப்படியே விட்டுவிடலாம். கட்டை அவர் பிரிக்காமலே பதிப்பகத்துக்கு அனுப்பிவிடவும் கூடும் என்பதால், மேல்தாளில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: 'அனுப்புமுன் ஒருமுறை படியுங்கள். வீரமணி.'

ஆகவே முடிவு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இதை எதில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஜுமானாவின் பெயர் போட்ட புத்தகம் என்றால், நாலு பக்கம் பின்னால் போய் முன்னுரையில் இப்போது என்ன இருக்கிறது என்று படித்துக்கொள்ளுங்கள். வேறு எதிலாவது, யாரும் வராத ஒரு வலைப்பூவில் படிக்கிறீர்கள் என்றால், இந்தப் பக்கங்கள் மட்டும் என்னிடம் திரும்பி வந்துவிட்டன என்று பொருள்.

அப்படியானால் இதுவரை வந்தவர் ஒருவர். இந்த முறை அந்த ஒருவர் நான் அல்ல.