ஆறாவது நோன்பு

என் வீட்டுக்காரர் பக்ருதீனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதைவிட யானையை ஆட்டோவில் ஏற்றுவது சுலபம். ஆனால் பொருட்காட்சி என்று சொல்லிப் பாருங்கள், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வாசலுக்கு வந்து நிற்பார். மலர்க் கண்காட்சி, மரச்சாமான் கண்காட்சி என்று எதையும் விடமாட்டார். ஒரு தடவை டிராக்டர் கண்காட்சிக்குக்கூடப் போய்வந்தார். எங்களுக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. சும்மா கொடுக்கிற துணிப்பையையும் காகிதக் கட்டையும் சுமந்து வருவதில் அந்த மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அதனால்தான் முதலியார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆரோக்கியக் கண்காட்சி என்று நோட்டீஸ் வந்ததும் எனக்குப் பொறி தட்டியது. உடற்பயிற்சி, யோகா, சத்து மாவு என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழே சின்ன எழுத்தில் சர்க்கரைப் பரிசோதனை, கால் நரம்புப் பரிசோதனை, டாக்டர் ஆலோசனை இலவசம் என்று இருந்தது. எனக்கு வேண்டியது அந்தச் சின்ன எழுத்துதான்.

காரணம் ஒரு குண்டூசி. பெரிய மார்க்கெட் பக்கம் எங்களுக்குத் தையல் சாமான் கடை. நூல், பொத்தான், ஜிப், லைனிங் துணி விற்கிறோம். போன மாதம் ஒருநாள் கடையிலிருந்து வந்து கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். உள்ளங்காலில் ஏதோ மின்னியது. கிட்டப் போய்ப் பார்த்தால் குண்டூசி, தலைவரைக்கும் இறங்கியிருக்கிறது. பிடுங்கினேன். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அவருடைய தம்பி முதஸ்ஸிருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் சர்க்கரை, அப்புறம் மரத்துப்போன கால், அப்புறம் ஆறாத புண். இப்போது தம்பிக்கு இடது முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் தம்பிக்குத் துணையாக இருந்து எல்லாவற்றையும் பார்த்த நாளிலிருந்து இவர் எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிப்பதில்லை. சர்க்கரை மாத்திரையும் நினைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கடைசியாக நான் கெஞ்சிக் கூத்தாடி லேபில் எடுக்க வைத்தபோது சர்க்கரை முன்னூறைத் தாண்டியிருந்தது. மெஷின் கோளாறு என்று முடித்துவிட்டார்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை கடை லீவுதான? முதலியார்பேட்டைல கண்காட்சி போட்டிருக்காங்களாம், போலாமா?" என்றேன். நோட்டீஸையும் கையில் கொடுத்தேன்.

அவர் அதை நிதானமாக, சின்ன எழுத்து வரைக்கும் படித்தார். "போலாமே. அன்னைக்கு எனக்கு நோன்பு. பரவால்ல, நோன்பு தொறக்கறதுக்குள்ள வந்துடலாம்" என்றார்.

ரம்ஜான் பெருநாளுக்கு அடுத்து ஷவ்வால் மாதத்தில் வைக்கிற ஆறு நோன்பில் ஐந்தை முடித்திருந்தார். இந்த உடம்போடு வேண்டாம் என்று நான் சொன்னதெல்லாம் காதில் ஏறவில்லை. ஆறாவதை வியாழக்கிழமை வைப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விடியுமுன் எழுப்பிச் சோறு போட்டேன். அன்றைக்கு மட்டும் கேட்காமலே மாத்திரையையும் போட்டுக்கொண்டார். பரவாயில்லையே என்று நான் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இப்போது எரிகிறது.

மதியத் தொழுகை முடிந்து போனோம். மண்டபத்துக்குள் பாட்டும் மைக்கும் காதைப் பிளந்தன. நின்ற இடத்திலேயே ஓடுகிற மெஷின்களில் நாலைந்து பேர் வியர்வை சொட்ட ஓடிக்கொண்டிருந்தார்கள். தொடை அளவு கைகளை வைத்திருந்த பையன்கள் டப்பா டப்பாவாகப் பவுடர் விற்றார்கள். இவர் முகத்தில் பெருநாள் களை. ஒவ்வொரு ஸ்டாலிலும் நின்று, தலையாட்டி, பை வாங்கிக்கொண்டார். வாங்கட்டும் என்று விட்டேன். என் கணக்கு வேறு. இவர் மனசு இளகியதும் மெல்லச் சர்க்கரைப் பரிசோதனைக்குத் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து டாக்டர் முன்னால் உட்கார வைத்துவிட வேண்டும். அதை முடிக்காமல் வீடு திரும்பினால் இந்தக் கூட்டத்தில் இடிபட்டதற்கு ஒரு பலனும் இல்லை.

ஆனால் நான் தள்ளவே வேண்டியிருக்கவில்லை. அவரே நேராகப் போய் விரலை நீட்டினார்.

"தொண்ணூத்தெட்டு. சூப்பர் சார்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தான் மெஷினோடு உட்கார்ந்திருந்த பையன்.

"பாத்தியா கனீசு? தொண்ணூத்தெட்டு!" என்று இவர் என் பக்கம் திரும்பினார். பக்கத்தில் நின்றவரிடமும் சொன்னார். பவுடர் விற்பவனிடமும் போய்ச் சொன்னார். பரீட்சையில் பாஸான பிள்ளைபோல் அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துத் தட்டிக்கொண்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. காலையில் மாத்திரை, அப்புறம் பகல் முழுக்கப் பட்டினி. சர்க்கரை இறங்காமல் என்ன செய்யும்? நோன்பு திறந்து பேரீச்சம்பழமும் சமோசாவும் சர்பத்தும் உள்ளே போனதும் வந்து குத்திப் பார்க்கட்டுமே.

"வியாழக்கிழமை நோன்ப ஞாயித்துக்கிழமைக்கு மாத்தினது இதுக்குத்தானா?" என்றேன்.

அவர் கையிலிருந்த துணிப்பையின் எழுத்தைப் படிக்க ஆரம்பித்தார்.

"உங்களத்தாங்க கேக்கறேன். அல்லாவுக்குன்னு வைக்கிற நோன்ப வச்சு டாக்டர ஏமாத்தப் பாக்குறீங்களா?"

"மெல்லப் பேசு. நாலு பேரு பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

"தொண்ணூத்தெட்டுன்னா தொண்ணூத்தெட்டுதான். மெஷின் பொய் சொல்லுமா?"

"போன மாசம் மெஷின் கோளாறு. இன்னைக்கு மட்டும் அது சத்தியம் பண்ணுதா?"

ஐம்பத்தெட்டு வயது மனிதர், பேரப்பிள்ளை எடுத்தவர், காப்பியடிக்கிற பள்ளிக்கூடப் பையன் மாதிரி யோசித்திருக்கிறார். யாரை ஏமாற்றுகிறார்? கால் அவருடையதுதானே? ஆனால் இவ்வளவு யோசிக்கிறவர் ஒன்றும் தெரியாதவராக இருக்க முடியாது. எல்லாம் தெரிந்துதான், தெரிந்த பயத்தில்தான் இதைச் செய்திருக்கிறார். அதை நினைத்ததும் கோபத்துக்கு நடுவே அழுகையும் வந்தது.

"சரி, சக்கரைதான் நல்லா இருக்குதே. காலையும் காட்டிட்டுப் போயிடலாம், வாங்க" என்றேன். மறுக்க அவருக்கு வழி இல்லை.

கால் பரிசோதனை மண்டபத்துக்குப் பின்னால், வண்டி நிறுத்துகிற சிமெண்டு முற்றத்துக்கு அந்தப் பக்கம், ஒரு கூடாரத்தில். செருப்பைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் ஏறிப் படுத்தார். அங்கிருந்த நர்ஸ் பெண்ணின் சட்டையில் மேனகா என்று பெயர் குத்தியிருந்தது. ஒரு பிடியில் பொருத்திய, தூண்டிலில் கட்டுவது போன்ற நைலான் நரம்பைக் கையில் எடுத்தாள்.

"இது குத்தாதுங்க ஐயா. கண்ண மூடிக்கங்க. நான் கேக்கறப்ப, தொடுறது தெரியுதான்னு சொன்னா போதும்."

கண்ணை மூடிக்கொண்டார். அவள் பெருவிரலுக்கு அடியில் நரம்பை வைத்து அழுத்தினாள். "இப்ப?"

"இருக்குது."

குதிகாலில் வைத்தாள். "இப்ப?"

"இருக்குது."

கடையில் இவருடைய வழக்கம் அது. எந்தக் கலர் நூலைக் கேட்டாலும், எந்த அளவு பொத்தானைக் கேட்டாலும், முதலில் இருக்குது என்றுவிடுவார். வந்த ஆளை நிறுத்திவிட்டு அப்புறம்தான் பெட்டியைத் துழாவுவார். அதே குரலில் இங்கேயும் சொல்லிக்கொண்டிருந்தார். மேனகாவுக்கு ஏதோ சந்தேகம் வந்திருக்க வேண்டும். நரம்பைக் காலில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இப்ப?"

"இருக்குது."

"இப்ப, ஐயா?"

"அதான் இருக்குதுன்னு சொல்றன்ல!"

அவள் நரம்பைக் கீழே வைத்தாள். "ஐயா, கடைசி ரெண்டு தடவை நான் தொடவே இல்ல" என்றாள். குரலை உயர்த்தவில்லை. என்னிடம் திரும்பி, "உள்ள மேடைக்குப் பக்கத்து ரூம்ல டாக்டர் விஜயராகவன் இருக்காரு. அஞ்சு மணி வரைக்கும் பாப்பாரு. இன்னைக்கே காட்டிடுங்கம்மா, தள்ளிப் போடாதீங்க" என்றாள்.

இவர் எழுந்து உட்கார்ந்தார். முகம் கறுத்துவிட்டது. "நீ இன்னாம்மா, விளையாட்டுக் காட்றியா? நீ தொட்டது எனக்குத் தெரிஞ்சுது. எங்காலு எனக்குத் தெரியாதா?" என்றார். கீழே இறங்கி, செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார்.

நான் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு திரும்பினேன். கூடார வாசலில் அவருடைய வலது செருப்பு கிடந்தது.

முற்றத்தில் மூன்று மணி வெயில். சித்திரை பிறக்கிற நேரத்து வெயில், கண்ணைத் திறக்க முடியவில்லை. அவர் பாதி முற்றத்தைத் தாண்டிவிட்டார். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால். வேகம் குறையவில்லை. ஒரு தடவைகூடக் கால் மாற்றி வைக்கவில்லை, விரலைத் தூக்கவில்லை. வழியில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்த ஒருவரிடம் சீட்டை எடுத்துக் காட்டி, "தொண்ணூத்தெட்டு" என்று சொல்வதுகூட எனக்குக் கேட்டது.

"என்னங்க!" என்று கத்தினேன். "நில்லுங்க!"

திரும்பினார். கையில் செருப்போடு ஓடிவருகிற என்னைப் பார்த்தார். யாருடைய செருப்பு என்று முதலில் அவருக்குப் புரியவில்லை. அப்புறம் குனிந்து தன் காலைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த நேரம் முழுக்க வெறும் பாதம் தரையில்தான் இருந்தது.

திட்டுவதற்கு என்னிடம் எவ்வளவோ இருந்தது. அவர் காலடியில் செருப்பை வைத்தேன்.

"கனீசு, தரை சுடுதா?" என்றார். அவ்வளவு சின்னக் குரல் அவருக்கு உண்டு என்பதே எனக்குத் தெரியாது.

என் செருப்பிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தேன். ஒரு நொடிகூடத் தாங்கவில்லை, இழுத்துக்கொண்டேன்.

"சுடுதுங்க" என்றேன். "ரொம்ப சுடுது."

அவர் சீட்டை என்னிடம் கொடுத்தார். செருப்புக்குள் கால் போயிருக்கிறதா என்று குனிந்து பார்த்துப் பார்த்து மாட்டிக்கொண்டார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டர் எந்த ரூம்ல இருக்காருன்னு சொன்னா அந்தப் பொண்ணு?" என்று கேட்டார்.