இரண்டு படி இறங்கியவன்

என் தம்பி சிவப்பிரகாஷின் விலை, நம் பணத்தில் நாற்பது லட்சம். சொன்னவன் லிபியாவில் ஏதோ ஒரு மலைக்கோட்டையில் இருந்தான். அதைக் கேட்டுத் தமிழில் சொன்னவர் காயல்பட்டினத்து நூகு காக்கா; அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். பத்தொன்பது வருஷம் அரபு நாடுகளில் துணி விற்றவர். தூத்துக்குடியில் என் கருப்பட்டி மண்டியில், மூட்டைமேல் போனை வைத்துப் பேசினோம்.

தம்பி அங்கே சிமெண்ட் ஆலையில் எலெக்ட்ரீஷியன். ஊரையும் தம்பியையும் பிடித்து வைத்திருந்தது, பெர்பர் என்ற மலைவாழ் இனத்தின் ஒரு வம்சம். அடிவாரத்தில் ஓர் அரபு வம்சம் முற்றுகை போட்டிருந்தது.

"என்னதான் சண்டையாம், காக்கா?"

"எண்ணூறு வருசத்துக்கு முந்தி இவன் வம்சத்து சுல்தானை, கூட இருந்த அரபுத் தளபதியே கவுத்துட்டானாம். போன வாரம் நடந்த மாதிரி அழுவுறான், அண்ணாச்சி."

"எங்க பங்காளி கேசு முப்பது வருசமா ஓடுது. இவன் நம்மாளுதான். பதினஞ்சு லட்சத்துக்குக் கேளும்."

நான்கு நாளில் இருபத்தெட்டுக்கு இறக்கினேன். தம்பி மனைவி இந்துமதி நகைகளை டிபன் பாக்ஸில் போட்டுக் கொண்டுவந்தாள்.

"இதோட முடிச்சிருங்க அத்தான். வீட்டையும் வித்துருவோம்."

"சும்மா இரி. கடையை விட்டு ரெண்டு படி இறங்குனாத்தான் கூப்பிட்டுக் குடுப்பான்."

உடன்குடிச் சந்தையில் பன்னிரண்டு வயதில் கற்றது. ஒருமுறையும் பொய்த்ததில்லை.

"இருபத்தஞ்சு. இல்லேன்னா வேண்டாம்னு சொல்லும், காக்கா."

"மனுசனையா வேண்டாம்னு சொல்லச் சொல்லுதிய?"

சொன்னார். நானே போனை வைத்தேன்.

இரண்டு நாள் யாரும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் நானே அழைத்தேன். எடுத்தது வேறு குரல். நூகு காக்கா வெகுநேரம் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

"கோட்டை அரபுக்காரன் கைக்கு மாறிட்டு, அண்ணாச்சி. ராத்திரி காவலுக்கு நின்ன, நம்மகிட்ட வெல பேசுனவன் கூடப்பிறந்தவனே கதவைத் தொறந்து விட்டுட்டானாம்."

"சிவா?"

"பழையவன் பேசுன வெல தனக்குத் தெரியாதுங்கான். இந்தியாக்காரன் எவனும் இங்க இல்லேங்கான்."

நான் பென்சிலால் விலை குறித்திருந்த தாளை, பக்கத்தில் நின்ற இந்துமதி இழுத்துப் பார்த்தாள். நாற்பது, முப்பத்தாறு, முப்பத்தொன்று, இருபத்தெட்டு, இருபத்தைந்து.

"பதினஞ்சு லட்சம் மிச்சம் புடிச்சிருக்கீங்க, அத்தான்."

கேலி இல்லை, கழித்துப் பார்த்துத்தான் சொன்னாள். பிறகு பென்சிலை வாங்கி, நான் எப்போதும் கோடு போட்டுக் கணக்கை முடிக்கும் இடத்தில், கோடு போடாமல் எழுதினாள்: ஆள் ஒன்று, பாக்கி.