எதிர்ப்பாட்டு

ஐந்து மணி நேரமாக நான் அந்த ஓலைத் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெட்டி இசைத்தட்டுகள். தட்டிக்கு வெளியே அண்ணன் சந்தனசாமி மைக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் தானே செய்கிறவன்போல் நின்றான்.

ஆவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மாதா கோயில் திருவிழாவுக்கு இரண்டு மைக் செட் வரும். ஒன்று அண்ணனுடையது, மற்றது விராலிமலை சேவுகனுடையது. கொடி இறக்கும் நாளில் இரண்டுக்கும் போட்டி. ஒருவர் போடும் பாட்டு முடிந்தவுடன் அதற்குப் பதில் சொல்கிற பாட்டை அடுத்தவர் போட வேண்டும். பதில் இல்லாதவர் தோற்றவர். செட்டுக்காரரின் வீட்டு ஆளைத் தவிர வேறு யாரும் தட்டைத் தொடக் கூடாது. கோயில் உபதேசியார் அடைக்கலம்தான் நடுவர்.

அண்ணனுக்கு ஆம்ப்ளிபயர் தெரியும், பாட்டு தெரியாது. போன வருஷம், 1960-இல், மாதா தேர் திரும்பும் நேரத்தில் குடிகாரன் பாட்டைப் போட்டுவிட்டான். கேட்டதற்கு, "மெட்டு நல்லாருந்துச்சு" என்றான். இந்த வருஷமும் தோற்றால் செட்டை விற்றுவிட்டு வால்பாறை எஸ்டேட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தான். வீட்டில் ஆத்தாவும் நானும் மட்டும் மிஞ்சுவோம்.

"நீ போடு வேளா," என்றான்.

"நான் ஆளுக முன்னாடி வரமாட்டேன்."

"வர வேணாம். ஓலை கட்டித் தாரேன்."

ஆத்தா ஒன்றுதான் சொன்னாள்: "ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. பி.எஸ்ஸி. படிச்ச புள்ள ரிக்கார்டு போட்டுச்சுன்னா எவன்டீ பொண்ணு கேட்டு வருவான்?"

நான் பௌதிகம் படித்தவள். கல்லூரியில் இருந்த மூன்று வருஷமும் ஆசிரியர் கேட்டாலொழிய வாய் திறந்ததில்லை. பாட்டெல்லாம் எதிர்வீட்டுத் தையல்காரர் காஜா மைதீனின் கிராமபோனில் கேட்டவை. சினிமாவுக்கு எங்களை விடமாட்டார்கள். அதனால் யார் நடித்தார்கள் என்று தெரியாது. பாட்டு மட்டும் தெரியும்.

சேவுகன் தாலாட்டில் தொடங்கினார். வளர்ந்த மகன் தாயைத் தேடும் பாட்டை நான் வைத்தேன். அது வந்த வருஷம் எனக்குப் பதிமூன்று வயது. பாவாடைக்கு அளவு கொடுக்கப் போனவள் பாட்டு முடியும்வரை கையைத் தூக்கியபடியே நின்றேன். சேவுகன் ஓடக்காரன் பாட்டைப் போட்டார். கரையில் காத்திருப்பவளின் பாட்டை வைத்தேன். அப்பா உயிரோடு இருந்தபோது சைக்கிளில் அதைத்தான் சீட்டியடித்துக்கொண்டு வருவார். முன்பல் விழுந்த பிறகு பாதிதான் சீட்டி, பாதி காற்று. ஊசி ஓட ஓட அந்தக் காற்றும் கேட்டதுபோல் இருந்தது.

"ஏய் சந்தனம், ஒனக்கு எப்படா காது மொளச்சுச்சு?" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

கடைசியில் சேவுகன் அந்தப் பாட்டைப் போட்டார். கணவனைப் பிரிந்தவள் நிலாவிடம் கேள்வியாகக் கேட்பாள். பதிலே வராமல் முடியும். பத்து வருஷமாக அதற்கு எதிர்ப்பாட்டு இல்லை என்பார்கள். அண்ணன் தட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

எங்கள் பெட்டியிலும் அதே தட்டு இருந்தது. எடுத்துத் திருப்பிப் போட்டேன்.

நீளமான பாட்டை இரண்டாக வெட்டி, இரண்டு பக்கத்திலும் பதிவு செய்திருப்பார்கள். இரண்டாம் பக்கம் மெதுவாகப் போகும் என்று டீக்கடைகளில் போடுவதில்லை. காஜா மைதீன் மட்டும், மழைக்கு ஆள் வராத நாட்களில், தட்டைத் திருப்புவார். அதில் சிறையில் இருக்கும் கணவன் அதே நிலாவைப் பார்த்து, அவளுடைய கேள்விக்கெல்லாம் வரிசையாகப் பதில் சொல்வான்.

அவன் குரல் நான்கு ஒலிபெருக்கிக் குழாய்களிலும் எழுந்தது. பாட்டு முடியும்வரை யாரும் இருமக்கூட இல்லை. பிறகு துண்டுகள் மேலே பறந்தன.

"செல்லாதுங்க!" என்று சேவுகன் எழுந்தார். "அதே ரிக்கார்டுங்க!"

"தட்டு அதேதான். பாட்டு அதுவா?" என்றார் உபதேசியார்.

"இல்ல..."

"ஒன்கிட்டயும் இருக்குல்ல? ஒரு நாளாவது திருப்பிப் போட்டியாப்பா?"

கூட்டம் சிரித்தது. சேவுகனும் சிரித்துவிட்டார். ஆனால் உட்காரவில்லை.

"ஒத்துக்கிறேங்க. ஆனா இது சந்தனசாமி கை இல்ல. மதுரையிலருந்து ஆளக் கூட்டியாந்து ஓலைக்குள்ள ஒக்கார வச்சிருக்கான். வெளியாளு போட்டா ஜெயிச்சது செல்லுமா?"

உபதேசியாரின் முகம் மாறியது. "சந்தனம், யாருப்பா உள்ள?"

"நான்தாங்க போட்டேன்."

"அப்ப அந்த ரெண்டாம் பக்கத்துல அவன் என்ன சொல்றான், சொல்லு."

அண்ணன் மேலே குழாயைப் பார்த்தான். "மெட்டு நல்லாருக்குங்க."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "உள்ள யாருன்னு சொல்லலைன்னா சேவுகனுக்குத்தான் தீர்ப்பு," என்றார் உபதேசியார்.

பெண்கள் பக்கத்தில் ஆத்தா முந்தானையால் வாயைப் பொத்தியிருப்பது ஓலை இடுக்கு வழியே தெரிந்தது. தட்டியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அத்தனை தலையும் திரும்பியது. அண்ணன் கையிலிருந்த மைக்கை வாங்கினேன். முதலில் என் மூச்சுதான் நான்கு குழாய்களிலும் கேட்டது. பிறகு என் குரல் கோயில் கோபுரத்தில் மோதி, பெரிதாகி, எனக்கே திரும்பி வந்தது.

"வெளியாள் யாரும் இல்லங்க. காலையிலருந்து எல்லாப் பாட்டும் போட்டது நான்தான். சந்தனசாமி தங்கச்சி, வேளாங்கண்ணி."